அதித்லான் ஏரிக்கரையில் எங்கே தங்குவது, எந்தச் சந்தைக்குப் போவது: மாயா ஊர்களுக்கான பயண ஒப்பீடு

குவாத்தமாலாவின் மேற்கு மலைநாட்டில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,560 மீட்டர் உயரத்தில் இருக்கும் அதித்லான் ஏரிக்குப் போக முடிவு செய்தவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்த ஊரில் அறை எடுத்தால் ஜன்னலிலிருந்து எரிமலைகள் தெரியும் என்பதைத்தான். ஏரியைப் பார்ப்பது மட்டுமே நோக்கம் என்றால் அந்தக் கேள்வி போதும். ஆனால் கரையோர மாயா ஊர்களையும் அவற்றின் சந்தைகளையும் அறிந்துகொள்வதற்காகப் போகிறவர்கள் முதலில் சந்தை நாளையும், அதற்கேற்பத் தங்கும் ஊரையும், அதன் பிறகே காட்சியையும் வசதியையும் தீர்மானிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இந்த மலைநாட்டின் பெரிய சந்தைகள் வாரத்தில் குறிப்பிட்ட ஓரிரு நாள்களில்தான் முழுமையாகக் கூடுகின்றன. அந்த நாளைத் தவறவிட்டு மறுநாள் போய் நின்றால், நான்கு காய்கறிக் கடைகளும் பயணிகளுக்கான நினைவுப்பொருள் கடைகளும் மட்டுமே இருக்கும் ஒரு சாதாரண ஊர்ச் சதுக்கத்தைத்தான் காண முடியும்.

ஏரியின் அமைப்பு இந்த முடிவை எப்படிப் பாதிக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பல பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த மாபெரும் எரிமலை வெடிப்பில் நிலம் உள்வாங்கி உண்டான பள்ளத்தில் தேங்கிய நீர்தான் இந்த ஏரி. ஆழம் 300 மீட்டருக்கும் மேல். வெளியே பாயும் ஆறு எதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை. தென்கரையில் சான் பெத்ரோ, தொலிமான், அதித்லான் என்ற மூன்று எரிமலைகள் நிற்கின்றன. அவற்றில் உயரமான அதித்லான் 3,500 மீட்டரைத் தாண்டுகிறது. கரை எங்கும் செங்குத்தான சரிவு என்பதால் ஊர்களை ஒழுங்காக இணைக்கும் சுற்றுச்சாலை கிடையாது. ஊருக்கு ஊர் போவதற்கு லாஞ்சா எனப்படும் மோட்டார் படகுகளையே மக்கள் நம்பியிருக்கிறார்கள். நண்பகலை ஒட்டி, பசிபிக் பக்கத்திலிருந்து ஏறிவரும் வெப்பக் காற்று மலைநாட்டின் குளிர்ந்த காற்றோடு மோதும்போது ஷோகோமில் என்று அவர்கள் சொல்லும் காற்று எழுந்துவிடுகிறது. அதன்பின் படகின் முன்பகுதி ஒவ்வோர் அலையிலும் தூக்கி அடிக்கும். முதுகுவலி உள்ளவர்களும் வயதானவர்களும் பின்வரிசையில் உட்கார்வது நல்லது. மாலை ஐந்து மணிக்குமேல் பொதுப் படகுகளை நம்பியிருக்க முடியாது. ஆக, காலையில் நடக்கும் சந்தைக்கு அக்கரையிலிருந்து வருவதா, முன்னிரவே அங்கே தங்குவதா என்பதுதான் தங்குமிடத்தைத் தீர்மானிக்கும் உண்மையான கேள்வி.

மூன்று சந்தைகள்

தேர்வுக்கு உரியவையாக மூன்று சந்தைகளைச் சொல்லலாம்: வியாழனும் ஞாயிறும் கூடும் சிச்சிகாஸ்தெனாங்கோ, செவ்வாயும் வெள்ளியும் கூடும் சொலோலா, நாள்தோறும் நடந்தாலும் வெள்ளியன்று பெருகும் சாந்தியாகோ அதித்லான். வெள்ளிக்கிழமை சான் ஃபிரான்சிஸ்கோ எல் ஆல்தோ என்ற ஊரில் கூடும் மிகப் பெரிய சந்தையையும் சிலர் பரிந்துரைப்பார்கள். கால்நடைகளும் துணிமூட்டைகளும் குவியும் அந்தச் சந்தை ஏரியிலிருந்து தொலைவில், கெட்ஸால்தெனாங்கோ நகரத்தின் பக்கம் இருப்பதால், ஏரிக்கரைப் பயணத்தோடு அதைச் சேர்ப்பது நாளைத் தின்றுவிடும். அதை விட்டுவிடுகிறேன்.

சிச்சிகாஸ்தெனாங்கோ ஏரிக்கரையில் இல்லை. ஏரியின் வடகரை ஊரான பனஹாச்சேலிலிருந்து மலைப்பாதையில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் பயணம். உலகப் புகழ்பெற்றது இந்தச் சந்தைதான், அந்தப் புகழுக்குக் காரணமும் உண்டு. கிச்சே மாயா மக்களின் இந்த ஊரில், 16ஆம் நூற்றாண்டில் எழுந்த சாந்தோ தொமாஸ் தேவாலயத்தின் படிக்கட்டுகளில் பெண்கள் பூக்களை விற்க, அவர்களுக்கு நடுவே சடங்கு செய்பவர்கள் கோப்பல் என்ற மரத்தின் பிசினைப் புகைத்துக்கொண்டிருப்பார்கள். கிச்சே மக்களின் புராணத் தொகுப்பான போப்போல் வூ நூலை, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபிரான்சிஸ்கோ ஹிமேனெஸ் என்ற பாதிரியார் படியெடுத்து மொழிபெயர்த்ததும் இவ்வூரில்தான். அவர் கைப்பட எழுதிய பிரதி இப்போது சிக்காகோவின் நியூபெரி நூலகத்தில் இருக்கிறது. தேவாலயத்தின் முன்வாசல் படிகளைச் சடங்கு செய்பவர்களுக்கு விட்டுவிட்டு, பக்கவாசல் வழியாக உள்ளே போவதும், உள்ளே படம் எடுக்காமல் இருப்பதும் அங்கே வருகிறவர்கள் கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டிய முறை.

ஆனால் சந்தையைச் சந்தையாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. காலை பத்து மணிக்குமேல் அந்திகுவா நகரத்திலிருந்தும் பனஹாச்சேலிலிருந்தும் பயணிகளை ஏற்றிவரும் வேன்கள் வரிசையாக வந்து நிற்கும். சதுக்கத்தைச் சுற்றியுள்ள சந்துகளில் முகமூடி, பை, மேசைவிரிப்பு விற்கும் கடைகளே முன்னால் நிற்கின்றன. ஊர்க்காரர்களின் சந்தை மறைந்துவிடவில்லை. மூடிய கட்டடத்துக்குள் நடக்கும் காய்கறிச் சந்தையை மாடியிலிருந்து பார்த்தால் அது எவ்வளவு பெரியது என்பது விளங்கும். ஓரங்களில் சோறும் குழம்பும் விற்கும் கடைகளில் மூட்டை தூக்குகிறவர்கள் உட்கார்ந்து சாப்பிடுவதையும் காணலாம். ஆயினும் அதையெல்லாம் தேடிப் போக வேண்டியிருக்கிறது. முந்தைய நாள் மாலையே போய்த் தங்கி, வெளிச்சம் வருமுன் கடைக்கழிகளைக் கட்டும் வேளையில் இறங்கி நடப்பவர்களுக்கு மட்டுமே சிச்சிகாஸ்தெனாங்கோ தன் முழுப் பலனைத் தருகிறது. துணி வாங்குவதே முதன்மை நோக்கம் என்றால், மலைநாட்டின் பல ஊர்களின் நெசவுகள் ஒரே இடத்தில் கிடைப்பதால் இதைவிடச் சிறந்த தேர்வு இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சொலோலா முற்றிலும் வேறு வகை. ஏரிக்கு நேர்மேலே, பனஹாச்சேலிலிருந்து வளைந்து ஏறும் சாலையில் எட்டு கிலோமீட்டர் தொலைவில், கரையைவிட ஏறக்குறைய 550 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அமெரிக்கப் பள்ளிகள் கழித்துவிட்ட பேருந்துகளை வாங்கி வண்ணம் பூசி ஓட்டும் உள்ளூர்ப் பேருந்தில் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். மாவட்டத்தின் தலைமை ஊர் என்பதால், சுற்றியுள்ள கக்சிக்கேல், கிச்சே மாயாச் சிற்றூர்களின் மக்கள் தங்களுக்கு வேண்டியதை விற்கவும் வாங்கவும் வருகிறார்கள். பயணிகளுக்கென்று அங்கே ஏறத்தாழ எதுவும் வைக்கப்படுவதில்லை. தரையில் விரித்த துணிமேல் வெங்காயமும் கேரட்டும் முள்ளங்கியும் கூம்பாக அடுக்கப்பட்டிருக்கும். மக்காச்சோளத்தை ஊறவைத்து வேகவைக்கத் தேவையான சுண்ணாம்புக் கட்டிகள் ஒரு பக்கம், அடுப்பு மூட்டுவதற்காகப் பிசின் ஊறிய பைன் மரத்தைச் சிராய்களாகப் பிளந்து கட்டிய சிறு கட்டுகள் ஒரு பக்கம். நாம் சௌசௌ என்று சமைக்கும் காய் இந்த மண்ணுக்கு உரியது; இங்கே அதை குயிஸ்கில் என்கிறார்கள். முள் உள்ளதும் இல்லாததும், கரும்பச்சையும் வெளிறியதுமாக அது கிடப்பதைப் பார்க்கிற தமிழர் எவரும் ஒரு நிமிடம் நின்றுவிடுவார்கள்.

மலைநாட்டின் பல ஊர்களில் ஆண்கள் மரபு உடையைக் கைவிட்டு நெடுங்காலம் ஆகிறது. சொலோலாவில் இன்னும் பலர், வயதானவர்கள் மட்டுமல்லாமல் நடுவயதினரும், முதுகில் வௌவால் உருவம் தைத்த கம்பளிச் சட்டையும், வரியோடிய கால்சட்டையும், அதன்மேல் இடுப்பைச் சுற்றிய கம்பளித் துண்டுமாகச் சந்தைக்கு வருகிறார்கள். இவ்வூரில் அரசின் நகராட்சியோடு மாயா மக்களின் தனி நகராட்சி அமைப்பும் இயங்குகிறது என்பதை அறிந்துகொண்டு பார்த்தால், அந்த உடை பயணிகளுக்காக அணியப்படுவதல்ல என்பது புரியும். நெற்றியில் தோல்பட்டையை மாட்டி முதுகில் சுமை தூக்கி வருகிறவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்குவதும், பொருளை வாங்காமல் முகத்தருகே படம் பிடிக்காமல் இருப்பதும் இங்கே நம்மிடம் எதிர்பார்க்கப்படும் குறைந்தபட்ச நாகரிகம். மூன்றில் ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் உண்டு என்பவருக்கு நான் சொலோலாவின் வெள்ளிச் சந்தையைத்தான் சொல்வேன். அதுவும் காலை எட்டு மணிக்கு முன்னரே அங்கே இருக்கும்படி.

சாந்தியாகோ அதித்லானின் சந்தை இவ்விரண்டையும்விடச் சிறியது. சந்தைக்காக மட்டும் அக்கரைக்குப் போவது தேவையில்லை. ஆனால் அந்த ஊரில் தங்குகிறவர்களுக்கு அது தினமும் கிடைக்கும் என்பதால், தங்குமிடத்தைப் பற்றிப் பேசும்போது அதைச் சேர்த்தே எடைபோட வேண்டும்.

தங்குவதற்கு எந்த ஊர்

பனஹாச்சேல் எல்லோருக்கும் தெரிந்த விடை. அந்திகுவாவிலிருந்து வேனில் இரண்டரை முதல் மூன்று மணி நேரத்தில் வந்து இறங்குமிடம் இதுவே. வங்கி, மருந்துக்கடை, ஏ.டி.எம்., எல்லா விலையிலும் அறைகள், சொலோலாவுக்கும் சிச்சிகாஸ்தெனாங்கோவுக்கும் போகும் பேருந்து ஆகிய அனைத்தும் இங்கே கிடைக்கின்றன. படகுத்துறைகள் இரண்டு என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும்: சாந்தியாகோ போகும் படகுகள் ஒரு துறையிலிருந்தும், சாந்தா க்ரூஸ், சான் மார்கோஸ், சான் ஹுவான், சான் பெத்ரோ வழியாகப் போகும் படகுகள் வேறொரு துறையிலிருந்தும் கிளம்புகின்றன. துறையில் எதிரே வந்து தனிப்படகு பேசுகிறவர்களைத் தாண்டிப் போய், ஊர்க்காரர்கள் ஏறும் படகைக் கேட்டு ஏறினால் செலவு பல மடங்கு குறையும். கட்டணத்தை இறங்கும்போது கொடுப்பதே வழக்கம். வெளிநாட்டவருக்கு ஊர்க்காரர்களைவிட அதிகம் வாங்குவார்கள் என்பதை ஏற்றுக்கொண்டு, சில்லறை நோட்டுகளைத் தயாராக வைத்திருக்க வேண்டும். மூன்று தலைமுறையாகச் சேர்ந்து பயணம் செய்யும் குடும்பத்துக்கும், இரண்டே இரவு மட்டும் உள்ளவர்களுக்கும், சந்தைகள்தான் முதன்மை என்பவர்களுக்கும் பனஹாச்சேலே சரி. சாந்தாந்தேர் தெருவின் கடைவரிசையைத் தவிர ஊருக்குள் பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை என்பது அதன் குறை.

சாந்தியாகோ அதித்லான், ஏரியின் தெற்கே தொலிமானுக்கும் சான் பெத்ரோ எரிமலைக்கும் இடையே உள்நுழைந்த வளைகுடாவில் இருக்கிறது. சுதுஹில் மாயா மக்களின் தலைநகரம் ஸ்பானியர் வரும்வரை இந்த வளைகுடாவின் எதிர்க்கரையில்தான் இருந்தது; 1524இல் பெத்ரோ தே அல்வராதோ கக்சிக்கேல் படைகளின் துணையோடு அதை வென்றார். இன்றும் சுதுஹில் பேசுவோரின் பெரிய ஊர் இதுதான். ஊதாக் கோடுகள் ஓடும் வெள்ளைத் துணியில் பறவைகளைத் தைத்த உய்ப்பில் என்ற மேலாடையைப் பெண்கள் அணிகிறார்கள். முதியவர்களில் சிலர் நீண்ட சிவப்பு நாடாவைத் தலையைச் சுற்றிச் சுற்றி, ஒளிவட்டம் போல விளிம்பு நிற்கும்படி அணியும் தலையணியை இன்றும் விடவில்லை. குவாத்தமாலாவின் 25 சென்டாவோ நாணயத்தில் பொறிக்கப்பட்டிருப்பது இந்தத் தலையணியோடு இருக்கும் சாந்தியாகோ பெண் ஒருவரின் முகம்தான்.

இவ்வூரின் தேவாலயமும் 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சுவரோரம் வரிசையாக நிற்கும் மரத்தாலான புனிதர் சிலைகளுக்கு ஊர்ப் பெண்கள் உள்ளூர்த் துணியிலேயே உடை தைத்துப் போட்டிருக்கிறார்கள். உள்நாட்டுப் போர்க் காலத்தில், 1981 ஜூலை 28 அன்று, ஓக்லஹோமாவிலிருந்து வந்து இங்கே பணியாற்றிய ஸ்டான்லி ரோதர் என்ற பாதிரியார் தம் இல்லத்திலேயே கொல்லப்பட்டார். 2017இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரை அருளாளராக அறிவித்தது. அவருடைய உடல் தாய்நாட்டுக்கு அனுப்பப்பட்டபோது, இதயத்தை மட்டும் ஊர்மக்கள் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள்; அது இந்தத் தேவாலயத்தில் இருக்கிறது. 1990 டிசம்பர் 2 அன்று ஆயுதம் இல்லாமல் திரண்டுவந்த மக்கள்மீது இராணுவம் சுட்டதில் பலர் இறந்தனர். அதன்பின் ஊரே ஒன்றுசேர்ந்து கோரிக்கை வைத்து, இராணுவ முகாமை வெளியேறச் செய்தது. 2005 அக்டோபரில் ஸ்டான் புயல் கொண்டுவந்த மண்சரிவு, ஊரை ஒட்டிய பனபாஹ் குடியிருப்பைப் புதைத்துவிட்டது. இத்தனையையும் தாங்கிய ஊரை, படகிலிருந்து இறங்கி ஆட்டோவில் ஒரு மணி நேரம் சுற்றிவிட்டுத் திரும்புவது எனக்கு உடன்பாடில்லாத செயல்.

பெரும்பாலானோர் அப்படித்தான் செய்கிறார்கள். அதற்குக் காரணம் மாஷிமோன். மரத்தால் ஆன உடலில் கழுத்துத்துணிகள் அடுக்கடுக்காகக் கட்டப்பட்டு, தொப்பி அணிந்து, வாயில் சுருட்டோடு அமர்ந்திருக்கும் இந்தத் தெய்வத்தை ஒரு வழிபாட்டுக் குழு தன் பொறுப்பில் வைத்திருக்கிறது. அது தங்கும் வீடு ஆண்டுக்கொருமுறை மாறும். துறையில் இறங்கியவுடன் சிறுவர்கள் வழிகாட்ட வந்துவிடுவார்கள். நுழைவதற்கும் படம் எடுப்பதற்கும் தனித்தனியே காணிக்கை உண்டு. ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டு ஐந்து நிமிடத்தில் படம் பிடித்துத் திரும்பினால் அங்கே நடப்பது எதுவும் விளங்காது. யாரோ ஒருவர் தம் வீட்டு நோய்க்காகவோ கடனுக்காகவோ மெழுகுவத்திகளைத் தரையில் வரிசையாக ஏற்றி, சுதுஹிலில் நீண்ட வேண்டுதலைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, சுவரோரப் பெஞ்சில் அமைதியாக உட்கார்ந்து அது முடியும்வரை காத்திருக்க இடம் கொடுப்பார்கள். குலதெய்வத்துக்குச் சுருட்டும் சாராயமும் படைக்கும் வழக்கத்தை அறிந்த தமிழர்களுக்கு இதில் வியப்பைவிட நெருக்கமே அதிகம் தோன்றும். இந்த ஊரில் இரண்டு இரவாவது தங்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். அறைகளின் எண்ணிக்கை குறைவு, மாலைக்குப் பிறகு உணவகங்களும் குறைவு என்பதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

மேற்குக் கரையில் அடுத்தடுத்து இருக்கும் சான் ஹுவானும் சான் பெத்ரோவும் சுதுஹில் ஊர்கள்தான். ஆனால் இயல்பில் எதிரெதிரானவை. சான் பெத்ரோ மலிவான விடுதிகளும் ஸ்பானிய மொழிப் பள்ளிகளும் இரவுநேர உணவகங்களும் நிறைந்தது. ஒரு வாரம் தங்கி மொழி படிக்கிறவர்களுக்கும், 3,000 மீட்டரைத் தாண்டும் எரிமலையில் விடியற்காலையில் ஏற விரும்புகிறவர்களுக்கும் பொருத்தமானது. 2016இல் இவ்வூர் பிளாஸ்டிக் பைகளுக்கும் உறிஞ்சுகுழல்களுக்கும் தடை விதித்தது. சந்தைக்குத் துணிப்பை எடுத்துப் போவது நல்லது. சான் ஹுவான் அதற்கு நேர்மாறாக அமைதியானது. பெண்களின் நெசவுக் கூட்டுறவுகள், காபித் தோட்டக் குழு, கொட்டாத தேனீ வளர்ப்போர், ஓவியர்கள் என்று ஊர்மக்களே சுற்றுலாவை நடத்தி, அதன் வருமானத்தையும் தாங்களே வைத்துக்கொள்கிறார்கள். அண்மை ஆண்டுகளில் சாயம் பூசிய தெருக்களும் தொங்கவிட்ட குடைகளுமாக முதன்மைச் சாலை கொஞ்சம் கண்காட்சிபோல ஆகிவிட்டது உண்மைதான். நண்பகலில் கூட்டமும் அதிகம். நான்கு மணிக்குமேல் படகுகள் போய்விட்டால் ஊர் மீண்டும் தன்னுடையதாகிவிடும். இரண்டு ஊர்களுக்கும் இடையே ஓடுவது இந்தியாவில் தயாரான பஜாஜ் ஆட்டோக்கள்தான். பத்து நிமிடப் பயணம். எனவே சான் ஹுவானில் தங்கி, தேவைப்படும்போது சான் பெத்ரோவுக்குப் போய்வருவதே சிறந்தது.

வடகரையின் சான் மார்கோஸ், யோகா வகுப்புகளுக்கும் தியான முகாம்களுக்கும் வருகிற வெளிநாட்டினருக்காக ஓர் ஊர்ப்பகுதி என்னும் அளவுக்கு மாறிவிட்டது. மாயா மக்கள் மேட்டில் வாழ்கிறார்கள். கரையோரத்தில் தங்குகிறவர் அவர்களைச் சந்திக்காமலேயே ஒரு வாரத்தைக் கழித்துவிடலாம். நம் நோக்கத்துக்கு அது உதவாது. சாந்தா க்ரூஸில் அழகான விடுதிகள் நீரோரமாக உண்டு, ஊர் செங்குத்தாக மேலே இருக்கிறது. ஓய்வுக்கு நல்ல இடம், சந்தைக்கும் ஊர் பார்க்கவும் வசதி குறைவு. கிழக்கே நீலநிற உடைக்குப் பெயர்பெற்ற சாந்தா கத்தரீனா பலோபோவையும், வெங்காயப் பாத்திகள் படிப்படியாக இறங்கும், மண்பாண்டக் கலைக்கூடங்கள் உள்ள சான் அந்தோனியோ பலோபோவையும் பனஹாச்சேலிலிருந்து ஒரு காலைப்பொழுதில் சாலை வழியாகவே பார்த்துவிட்டுத் திரும்பலாம். தங்க வேண்டியதில்லை.

இங்கே இன்னொரு தேர்வையும் எடைபோட வேண்டும். பனஹாச்சேலில் ஒரே நாளில் சான் ஹுவான், சான் பெத்ரோ, சாந்தியாகோ மூன்றையும் காட்டும் படகுச் சுற்று கிடைக்கிறது. ஒவ்வோர் ஊரிலும் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம்தான் கிடைக்கும். திரும்பும் பயணம் ஷோகோமில் வீசும் வேளையில் அமைந்துவிடும். ஏரிக்கென்று ஒரே பகல் மட்டும் ஒதுக்க முடிந்தவர்களுக்கு அதை மறுக்க மாட்டேன். அதைவிட, அந்த ஒரு பகலை ஒரே ஊருக்குக் கொடுப்பது மேல் என்றே நினைக்கிறேன். நெசவில் ஆர்வம் உள்ளவர்கள் சான் ஹுவானையும் மற்றவர்கள் சாந்தியாகோவையும் தேர்ந்தெடுக்கலாம்.

துணியை எங்கே வாங்குவது

சந்தையில் வாங்குவதா, கூட்டுறவில் வாங்குவதா என்ற கேள்விக்கு விலையை மட்டும் பார்த்து விடை சொல்ல முடியாது. சான் ஹுவானின் கூட்டுறவுகளில் பருத்தியைக் கொட்டை நீக்கி, அடித்துப் பஞ்சாக்கி, தக்களியில் நூற்று, சாயம் தோய்த்து, நெய்வது வரை கண்முன்னே செய்துகாட்டுகிறார்கள். அவுரியிலிருந்து நீலம், சப்பாத்திக்கள்ளியில் வளரும் கொச்சினீல் பூச்சியிலிருந்து சிவப்பு, கேரட்டிலிருந்து மென்மஞ்சள். சாயம் கழுவினாலும் போகாமல் பிடித்துக்கொள்வதற்கு வாழைத்தண்டை நறுக்கிப் போட்ட நீரில் நூலை ஊறவைக்கிறார்கள். அந்த நீரில் பிழிந்தெடுத்த நூலின் நிறம் முன்பைவிடத் திண்மையாகத் தெரிவதை அருகிலிருந்து பார்க்கலாம். தறியின் ஒரு முனை தூணில் கட்டியிருக்கும். மறுமுனை நெய்பவரின் இடுப்புப் பட்டையில் மாட்டியிருக்கும். அவர் முன்னே சாய்ந்தால் பாவு தளரும், பின்னே சாய்ந்தால் இறுகும். ஒரு முழு உய்ப்பிலுக்கு வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ உழைப்பு தேவைப்படுகிறது என்பதை இதைப் பார்த்த பிறகு யாரும் மறுக்க மாட்டார்கள். நெய்தவர் பெயரைச் சீட்டில் எழுதி விலையும் குறித்திருக்கும் இடங்களில் பேரம் பேசக் கூடாது.

சந்தையில் பேரம் உண்டு, பொருளின் தரத்தை நாமே கண்டுகொள்ளும் பொறுப்பும் உண்டு. கைநெசவின் வடிவத்தை அப்படியே அச்சடித்த மலிவான துணிகள் இப்போது எல்லா இடங்களிலும் விற்கப்படுகின்றன. துணியைத் திருப்பிப் பார்த்தால் அச்சுத் துணியின் பின்புறம் வெளிறி இருக்கும். நெய்ததில் பின்புறத்திலும் பூவேலை நூல் ஓடியிருக்கும். இடுப்புத்தறியில் நெய்த துண்டுக்கு நான்கு பக்கமும் வெட்டாத கரை அமைந்திருக்கும், துண்டின் அகலமும் குறைவு. ஆகவே உண்மையான உய்ப்பில் இரண்டு மூன்று துண்டுகளை இணைத்ததாக இருக்கும், அந்த இணைப்பையே அழகான கைத்தையலால் மூடியிருப்பார்கள். அணிந்து பழகிய உய்ப்பில்களையும் சிச்சிகாஸ்தெனாங்கோவில் விற்கிறார்கள். நிறம் சற்று மங்கியிருந்தாலும் அவற்றின் நெசவு பெரும்பாலும் புதியவற்றைவிட நேர்த்தியானது. ஒரே ஒரு நல்ல துணி வாங்கும் எண்ணமுள்ளவர் சான் ஹுவானுக்கும், பல ஊர்களின் துணிகளை ஒப்பிட்டு வாங்க விரும்புகிறவர் சிச்சிகாஸ்தெனாங்கோவுக்கும் போகலாம். சொலோலாவில் துணி வாங்குவது பயணிகளுக்கு எளிதல்ல. அங்கே விற்பது அவ்வூர்ப் பெண்கள் உடுத்துவதற்கான பாவாடைத்துணியும் நூல்கண்டும்தான்.

சைவ உணவுக்காரர்கள் எந்த ஊரிலும் சமாளிக்கலாம். கையால் தட்டிச் சுட்ட மக்காச்சோள தொர்த்தியா, கருப்புப் பீன்ஸ், வெண்ணெய்ப்பழம், வெள்ளைப் பாலாடைக்கட்டி ஆகியவை எங்கும் கிடைக்கும். பீன்ஸைப் பன்றிக்கொழுப்பில் தாளித்திருக்கலாம் என்பதால் கேட்டுக்கொள்ள வேண்டும். மீன் சாப்பிடுகிறவர்கள் சாந்தியாகோவில் பதீன் கேட்கலாம்: சிறு மீன்களைத் தக்காளி அரைத்த காரச் சாந்தோடு இலையில் பொதிந்து தருவது. ஏரியின் இயற்கை மீன்வளம் முன்போல் இல்லை. தூண்டில் விளையாட்டுக்காக 1958இல் ஒரு விமான நிறுவனம் இங்கே கொண்டுவந்து விட்ட பாஸ் மீன்கள் உள்ளூர் மீன்களையும் நண்டுகளையும் தின்று பெருகின. அந்த மாற்றமும் கரையின் நாணல் அழிவும் சேர்ந்து, உலகில் இந்த ஏரியில் மட்டுமே வாழ்ந்த, பறக்க இயலாத முக்குளிப்பான் இனத்தையே அழித்துவிட்டன.

காலத்தைப் பொறுத்தவரை நவம்பர் முதல் ஏப்ரல் வரை வறண்ட பருவம்; மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம், மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் பெய்யும். சந்தைகள் காலையில் முடிந்துவிடுவதால் மழைக்காலமும் மோசமான தேர்வல்ல. சாந்தியாகோவின் ஊர்த்திருவிழா ஜூலை 25இல் வருகிறது. புனித வாரத்தில் மாஷிமோனை ஊர்வலமாக வெளியே கொண்டுவருவார்கள்; அந்த நாள்களில் போக விரும்பினால் அறையைப் பல மாதங்களுக்கு முன்பே உறுதிசெய்ய வேண்டும். ஊர்களுக்கு இடையிலான மலைப்பாதைகளில் பயணிகளிடம் வழிப்பறி நடந்த செய்திகள் உண்டு. நடப்பதானால் உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அழைத்துக்கொள்வதும், இல்லையென்றால் படகிலேயே போவதும் நல்லது.

ஐந்து இரவு ஒதுக்க முடிந்தவர்களுக்கு என் பரிந்துரை புதன்கிழமையில் தொடங்குகிறது. புதன் மாலைக்குள் நேராகச் சிச்சிகாஸ்தெனாங்கோ சென்று தங்கி, வியாழன் விடியலில் சந்தையைப் பார்த்துவிட்டு, வேன்கள் வந்து கூட்டம் பெருகும் நேரத்தில் பனஹாச்சேலுக்கு இறங்கிவிட வேண்டும். வெள்ளி அதிகாலை பேருந்தில் சொலோலா. பத்து மணிக்குள் திரும்பி, பெட்டியை எடுத்துக்கொண்டு காற்று எழுவதற்கு முன் சாந்தியாகோவுக்குப் படகேறினால், அங்கும் வெள்ளிச் சந்தையின் பிற்பகுதி மிச்சமிருக்கும். சனி முழுவதும் சாந்தியாகோ. ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்து மக்கள் தேவாலய முற்றத்தில் நிற்பதைப் பார்த்துவிட்டு, நேர்ப்படகில் சான் பெத்ரோ சென்று, ஆட்டோவில் சான் ஹுவான் சேரலாம். திங்களன்று காலையில் கூட்டுறவு, பிற்பகலில் பனஹாச்சேல் வழியாக அந்திகுவா. மூன்று இரவு மட்டும் உள்ளவர்கள் சிச்சிகாஸ்தெனாங்கோவை விட்டுவிட்டு வியாழன் மாலை பனஹாச்சேலில் தொடங்கி, மற்றவற்றை இதே வரிசையில் வைத்துக்கொண்டு, ஞாயிறன்று சான் ஹுவானைப் பகலிலேயே பார்த்துவிட்டுக் கிளம்பலாம். நடக்கச் சிரமப்படும் பெற்றோரோடு வருகிறவர்கள் எல்லா இரவுகளையும் பனஹாச்சேலிலேயே வைத்து, சாந்தியாகோவுக்கு ஒரு காலையும் சான் ஹுவானுக்கு ஒரு காலையும் ஒதுக்கி, இரு நாளும் பன்னிரண்டு மணிக்குள் திரும்பும் படகில் ஏறிவிடுவது நல்லது.